பையும் போக்கிடெக்ஸும் பக்கத்து வீடு: போக்கிமான் ரெட்டை மூன்று வழியில் முடித்த பதிவு

கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தபோது ஸ்பீட்ரன் எண்ணம் எதுவும் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய போக்கிமான் ரெட், கேம்பாய் கைக்கருவிக்கான கேம், ஆங்கிலப் பதிப்பு. கேம் ஓடுகிறது, சேவ் மட்டும் நிற்கவில்லை. ராத்திரி சேவ் செய்து அணைத்தால் காலையில் 'நியூ கேம்' மட்டும்தான் இருக்கும். இந்தத் தலைமுறை கார்ட்ரிட்ஜ்களில் சேவ் ஆகும் இடம் சாதாரண ராம். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். அழியாமல் காப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி. 1998-இல் வந்த சரக்கில் அந்த பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் தடை ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுழையாது, 3.8 மி.மீ. கேம்பிட் வேண்டும். அது வந்து சேரும்வரை பொறுமை இல்லாமல் பால்பாயின்ட் பேனாவின் அடிப்பகுதியை மெழுகுவர்த்தியில் உருக்கி, ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகிப் பார்த்தேன். இரண்டாவது பேனாவில் திறந்துவிட்டது. முதல் பேனாவின் பிசிறுகளைக் குண்டூசியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே பலகை அசல்தான். போலி சரக்கில் பல பேட்டரியே இல்லாமல் வருகின்றன, அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது.

மல்டிமீட்டரில் பழைய பேட்டரி 0.9 வோல்ட் காட்டியது. பேட்டரியின் மேலும் கீழும் தகடு ஸ்பாட் வெல்டிங் செய்து, அந்தத் தகடுதான் பலகையில் சால்டர் ஆகியிருக்கும். தகடு வைத்த புது பேட்டரியே வாங்குங்கள். வெறும் காசு பேட்டரி மேல் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் அது வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். பழையதை எடுக்கும்போது பிளஸ் பக்கம் எது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றபடி பத்து நிமிட வேலை.

சேவ் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டுமே. அப்போதுதான் ஞாபகம் வந்தது: இந்த கேமை மிக வேகமாக முடிக்கும் வழியே சேவ் செய்யும்போது பாதியில் கரண்டைப் பிடுங்குவதுதான். சரி, அதையே சோதனையாக வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது நான்கு மாதம் இழுத்துவிட்டது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பது ஸ்பீட்ரன். எந்த விதிக்குள் முடிக்கிறோம் என்பது பிரிவு. ரெட், புளூவில் மூன்று பிரிவுகளைத்தான் நான் தொட்டேன். எதுவும் செய்யலாம், முடிந்தால் போதும் என்பது எனி பர்சன்ட். கிளிட்ச், அதாவது கேமின் நிரல் பிழையைப் பயன்படுத்துவது, உண்டு, ஆனால் சேவைக் கெடுக்கக் கூடாது என்பது என்எஸ்சி (நோ சேவ் கரப்ஷன்). கிளிட்சே கூடாது என்பது கிளிட்ச்லெஸ். முதலாவது சில நிமிட விவகாரம். கடைசியில் நல்ல கைகள்கூட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இதே கேமை 2014-இல் ட்விட்ச் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பட்டன் சொல்லி ஆடியபோது முடிக்க 16 நாளுக்கு மேல் ஆனது. அதை யாரும் பிரிவாக வைக்கவில்லை, வைத்திருக்கலாம்.

சுவிட்சைப் பிடுங்கும் பிரிவு

சேவ் செய்யும்போது கேம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. முதலில் பெயர், இருக்கும் இடம், பை, பணம் போன்ற முக்கியத் தகவல்கள். கூடவே அவை சரியாக இருக்கின்றனவா என்று பிறகு சரிபார்க்க ஒரு செக்சம். அதற்குப் பிறகுதான் கூட்டாளிகளின் பட்டியல், அதாவது பார்ட்டி. முதல் பகுதி முடிந்து, பார்ட்டி எழுதப்படுவதற்கு முன்னால் கரண்ட் போனால், கேம் அடுத்த முறை அந்த சேவைச் சரியானது என்றே நம்பும். பார்ட்டி இருக்க வேண்டிய இடத்தில் என்ன பழைய குப்பை கிடக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும்.

அந்தக் குப்பை நமக்குத் தெரிந்த குப்பையாக இருக்க வேண்டும். இங்கேதான் என் முதல் ஒரு வாரம் வீணானது. புது பேட்டரி போட்டதும் ராமில் ஏதேதோ கிடந்தது. ஒரு முறை பார்ட்டியில் 3, இன்னொரு முறை 140 சொச்சம், சில நேரம் கேம் உறைந்து நின்றது. சால்டரிங் சரியில்லையோ என்று மறுபடி திறந்து பார்த்தேன். அதில் குறை இல்லை. ராமை முதலில் மொத்தமாக அழிக்காததுதான் குறை. டைட்டில் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சேவை மொத்தமாக அழிக்கும் கேள்வி வரும். 'எஸ்' கொடுத்தால் கேம் ராம் முழுவதையும் 255 என்ற எண்ணால் நிரப்பிவிடும், பூஜ்ஜியத்தால் இல்லை. ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது. ஆகப் பார்ட்டியில் எத்தனை போக்கிமான் என்ற இடத்திலும் 255.

அழித்தாயிற்று. நியூ கேம், பெயர், ஓக் பேராசிரியரின் நீண்ட பேச்சு, படுக்கையறை. சேவ், எஸ், 'நவ் சேவிங்' என்று எழுத்து வந்ததும் சுவிட்சைத் தட்டினேன். திரும்பப் போட்டால் ஒழுங்கான சேவ். மறுபடி, மறுபடி. கிட்டத்தட்ட நாற்பது முறை. ஒவ்வொரு முறையும் ஓக்கின் பேச்சு வேறு.

அந்த எழுத்து ஒரு நாடகம் என்பது கேமின் நிரலைப் பிரித்துப் படித்தவர்களின் குறிப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 'எஸ்' மேல் ஏ அழுத்திய அந்தக் கணத்திலேயே முழு சேவும் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 'சேவ் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்ற தோரணையில் எழுத்தைக் காட்டிவிட்டு, 120 பிரேம், அதாவது இரண்டு விநாடி, கேம் சும்மா நிற்கிறது. வேலை முடிந்த பிறகு மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும் அலுவலக மேஜை நினைவுக்கு வந்தது. உண்மையான இடைவெளி ஏ அழுத்தியதற்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் சில பிரேம்கள்தான். ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் சேர்த்து அழுத்தும் சாஃப்ட் ரீசெட்டும் இங்கே உதவாது. பட்டனைப் படிக்கும்போதுதான் கேம் அதைக் கவனிக்கும், எழுதிக்கொண்டிருக்கும்போது படிப்பதில்லை. சுவிட்ச்தான் ஒரே வழி.

ஆக வலது கட்டைவிரல் ஏ மேல், இடது ஆள்காட்டி விரல் சுவிட்ச் மேல். இரண்டும் 'டக்-டக்' என்று ஒரே தாளத்தில் விழ வேண்டும். சீக்கிரம் தட்டினால் 'ஃபைல் டேட்டா இஸ் டிஸ்ட்ராய்ட்' என்று வரும். தாமதித்தால் நல்ல சேவ். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், மெனுவில் போக்கிமான் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் காலியான திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் நிற்கும். முதல் முறை அந்த வெற்றுத் திரையைப் பார்த்தபோது சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, ஆஃப் பண்ணினா தோத்துட்டோம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. என்எஸ்சி என்ற பிரிவே அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நடப்பது முழுக்கக் கணக்கு. எனக்கு இந்தப் பிரிவில் பிடித்ததும் அதுதான்.

பார்ட்டியில் ஆறு பேருக்குத்தான் இடம். ஒவ்வொருவருக்கும் 44 பைட், ஆக 264. அதை அடுத்து ஆறு பயிற்சியாளர் பெயர்கள், ஆறு செல்லப் பெயர்கள், ஒவ்வொன்றும் 11 பைட். மொத்தம் 132. 264-உம் 132-உம் சேர்ந்தால் 396. அதை 44-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 9. அதாவது கேம் 'பத்தாவது போக்கிமான்' என்று நினைத்துத் தொடும் இடம், இந்தப் பெயர்கள் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் அதே பைட். அடுத்த பகுதி போக்கிடெக்ஸ், அதாவது பிடித்த, பார்த்த போக்கிமான்களின் பட்டியல். 151 போக்கிமானுக்கு, ஒன்றுக்கு ஒரு பிட் என்றால் 19 பைட். பிடித்தவை 19, பார்த்தவை 19, மொத்தம் 38. அதற்கு அடுத்த ஒற்றை பைட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? பையில் எத்தனை பொருள் இருக்கிறது என்ற எண்ணிக்கை. பத்தாவது 'போக்கிமான்' 44 பைட் நீளம், 38-ஐத் தாண்டி அந்த எண்ணிக்கையையும் முழுங்கிவிடும்.

முதல் போக்கிமானிடம் இருப்பதெல்லாம் 255. அதைப் பத்தாவதோடு ஸ்விட்ச் செய்தால் பையின் எண்ணிக்கை 255 ஆகிவிடுகிறது. அம்புக்குறி திரையைவிட்டு வெளியே போய்விடுவதால் கீழ் அம்பை ஒன்பது முறை எண்ணி அழுத்த வேண்டும். எட்டா ஒன்பதா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மேல். நான் சந்தேகத்தோடே அழுத்திவிட்டுக் கேம் விநோதமான இரைச்சலோடு உறைந்ததை மூன்று முறை பார்த்தேன்.

20 பொருளுக்கு மேல் பிடிக்காத பை, இப்போது 255 பொருள் இருப்பதாக நம்புகிறது. பட்டியலில் கீழே கீழே போனால் கேமின் நினைவகமே பொருள் வேஷத்தில் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பைட், ஒன்று எந்தப் பொருள், மற்றது எத்தனை. 21-ஆவதன் எண்ணிக்கையில் உங்கள் பணம் தொடங்கும். 23-ஆவதிலிருந்து எதிராளியின் பெயரெழுத்துகள். 75-ஆவதில் நீங்கள் நிற்கும் மாடி அறையின் படிக்கட்டு எந்த இடத்துக்குப் போகிறது என்ற எண். கேம் முடியும் இடமான ஹால் ஆஃப் ஃபேமின் எண் 118. பொருட்களை செலக்ட் அழுத்தி இடம் மாற்றி அந்த எண்ணை அங்கே கொண்டுவந்துவிட்டால், படியில் கால் வைத்ததும் கீழ்வீட்டு அம்மாவுக்குப் பதில் ஓக் பேராசிரியர் வந்து சாம்பியன் ஆனதற்கு வாழ்த்துவார். இடமாற்ற வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை, தெரிந்தவர்கள் தொகுத்துவைத்ததைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு அழுத்தினேன். ஆனால் ஏன் 75 என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு விடை சரியாக வந்த அன்று, முடித்த அன்றைவிட அதிக சந்தோஷம்.

என் நேரம் 5 நிமிடம் 48 விநாடி. நல்ல ஓட்டக்காரர்களுக்கு இது சிரிப்பு. வெற்றி பெற்ற முயற்சி எத்தனையாவது என்று எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

கிளிட்ச் இல்லாத பிரிவில் இருக்கும் கிளிட்ச்கள்

அடுத்து நேர் எதிர் முனை. கிளிட்ச்லெஸ். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆடிய நேரம் அதிகம் என்றாலும் பழுது பார்க்கும் மனசுக்கு இதில் தீனி குறைவு. ஸ்குவர்ட்டிலில் ஆரம்பித்து, ரூட் 22-இல் ஆண் நிடோரன் பிடித்து, மவுண்ட் மூனில் கிடைக்கும் மூன் ஸ்டோனால் அதை நிடோகிங் ஆக்கி, கடைசிவரை அந்த ஒற்றை ஆளை நம்பி ஓடுவது. ஜிம் தலைவர்களான மிஸ்டியிடம் பபிள்பீம், சர்ஜிடம் தண்டர்போல்ட், செலடன் கடையில் ஹார்ன் டிரில் என்ற தாக்குதல்கள்.

ஹார்ன் டிரில் பட்டால் எதிரி ஒரே அடியில் காலி, ஆனால் பெரும்பாலும் படாது. எக்ஸ் அக்யூரசி என்ற பொருளைப் பயன்படுத்தினால் முதல் தலைமுறையில் குறி தவறுமா என்ற கணக்கையே கேம் விட்டுவிடும், ஒவ்வொரு குத்தும் படும். ஒரே நிபந்தனை, எதிரி நம்மைவிட வேகமாக இருக்கக் கூடாது, அதற்கு எக்ஸ் ஸ்பீடு. கடைசியில் வரும் எலைட் ஃபோர் என்ற நால்வரும் எதிராளியும் சேர்த்து 26 போக்கிமான்கள். இரண்டு மருந்தைப் போட்டுவிட்டு வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம்.

இது கிளிட்ச் இல்லையா? இல்லையாம், கேமை உருவாக்கியவர்கள் நினைத்ததே அதுதான் என்று ஒரு வாதம். சரி. லாவண்டர் டவுனின் போக்கிமான் டவரில் மாரோவாக் ஆவியை அடையாளம் காண சில்ஃப் ஸ்கோப் வேண்டும், அதற்காக ராக்கெட் கும்பலின் மறைவிடம் முழுக்க அலைய வேண்டும். ஆனால் ஒரு போக்கி டால் பொம்மையை வீசினால் ஆவி சண்டையைவிட்டு விலகிவிடும், வழி திறந்துவிடும். கதைக்கு இது பொருந்தவே பொருந்தாது, இருந்தும் அனுமதி உண்டு. 100 சதவீதம் படும் என்று எழுதியிருக்கும் தாக்குதல்கூட 256-இல் ஒரு முறை தவறும், ஏனென்றால் 0 முதல் 255 வரை வரும் எண்ணை '255-ஐவிடக் குறைவா' என்று கேட்டுத் தொலைத்தார்கள். பேட்ஜ் தரும் கூடுதல் பலம் சண்டை நடுவில் மறுபடி மறுபடி ஏறுகிறது. ஃபோகஸ் எனர்ஜி கிரிட்டிகலைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கிறது. இத்தனை ஓட்டையையும் தலையில் சுமந்துகொண்டு ஓடும் பிரிவின் பெயர் கிளிட்ச்லெஸ்.

குறை சொல்லவில்லை. ஓட்டக்காரர்கள் இதில் எங்கே கோடு போடுகிறார்கள் என்பது புரிகிறது: சாதாரணமாக ஆடினாலே நடந்துவிடும் பிழை பரவாயில்லை, தேடிப் போய் உடைத்தால்தான் கிளிட்ச். என் நேரம் 2 மணி 52 நிமிடம். இரண்டு முறை அந்த 256-இல் ஒன்று என் தலையில் விழுந்தது, ஒன்று சர்ஜிடம், தாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று எலைட் ஃபோரில் ஒருவரான லோரலையிடம், எக்ஸ் அக்யூரசி போட மறந்த ஒரே சண்டையில்.

நடுவில் இருப்பது

என்எஸ்சியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், சிரமம் என்று கேள்விப்பட்டதால். உலகத் தரத்து ஓட்டங்கள் போகும் பாதையை நான் எடுக்கவில்லை. எனக்குப் புரிகிற பழைய வித்தைகளை மட்டும் கோத்து ஒரு பாதை போட்டுக்கொண்டேன். மெதுவான பாதைதான்.

மியூ என்ற போக்கிமானை வரவழைக்கும் வித்தை பலருக்குத் தெரிந்திருக்கும். செருலியன் ஊருக்கு வடக்கே ரூட் 24-இல் புல்லுக்குள் ஒரு பயிற்சியாளர் நிற்பார். அவர் கண்ணில் படும் அதே அடியில் ஸ்டார்ட் அழுத்தினால் அவர் பார்ப்பதற்கு முன் மெனு திறந்துவிடும். ஆப்ரா என்ற போக்கிமானின் டெலிபோர்ட்டைப் பயன்படுத்தினால், அவர் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வந்தபிறகும் நீங்கள் செருலியனுக்குப் பறந்துவிடுவீர்கள். கேமுக்கு இன்னும் ஒரு சண்டை பாக்கி என்று ஞாபகம் இருக்கும், யாரோடு என்பது மறந்துபோகும். வேறொரு பயிற்சியாளர் நடந்து வந்து சண்டையிட்ட பிறகு ரூட் 24-க்குத் திரும்பினால், மெனு தானாகத் திறக்கும், மூடியதும் அந்தப் பாக்கிச் சண்டை வரும். யார் வருவார் என்பதைக் கடைசியாகச் சந்தித்த எதிரி போக்கிமானின் ஸ்பெஷல் என்ற திறன் எண் தீர்மானிக்கிறது. ரூட் 25-இல் ஒரு பையனின் ஸ்லோபோக்குக்கு ஸ்பெஷல் 21. கேமின் உள் வரிசையில் 21 என்பது மியூ. லெவல் 7.

எனக்கு மியூ வேண்டாம். உள் வரிசையில் 31-உம் 32-உம் மிஸ்ஸிங்நோ, அதாவது நீக்கப்பட்ட போக்கிமானின் காலியிடம். அதுதான் வேண்டும். ஸ்பெஷல் 31 அல்லது 32 உள்ள எதிரி செருலியன் பக்கத்தில் யார் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ரூட் 25 புல்லில் லெவல் 12 ஆப்ரா வரும். ஆப்ராவின் அடிப்படை ஸ்பெஷல் 105. ஒவ்வொரு போக்கிமானுக்கும் கூடவே பிறக்கும் மறைமுக எண் ஒன்று உண்டு, 0 முதல் 15 வரை. இரண்டையும் கூட்டி, 24-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு 5 கூட்டினால் லெவல் 12-இல் அதன் ஸ்பெஷல். மறைமுக எண் 0 முதல் 3 என்றால் 30. 4 முதல் 7 என்றால் 31. 8 முதல் 11 என்றால் 32. 12 முதல் 15 என்றால் 33. உள் வரிசையில் 30 டாங்கெலா, 33 க்ரோலித். ஆக லெவல் 12 ஆப்ராவைப் பார்த்துவிட்டால் பாதிக்குப் பாதி மிஸ்ஸிங்நோ. காசு சுண்டுவதுபோல.

மிஸ்ஸிங்நோ வந்தால் என்ன லாபம்? பையில் ஆறாவது பொருள் 128 கூடும். சின்ன வயதில் சின்னபார் கரையோரம் ரேர் கேண்டியைப் பெருக்கியவர்களுக்கு இது தெரியும், காரணம் தெரிந்திருக்காது. இங்கே மறுபடி அந்தப் பக்கத்து வீடு. மிஸ்ஸிங்நோவின் போக்கிடெக்ஸ் எண் 0. கேம் அதில் ஒன்றைக் கழித்து, பைட்டுக்குள் சுற்றி 255 ஆக்கி, 'பார்த்தவை' பட்டியலில் 255-ஆவது பிட்டைக் குறிக்கப் போகிறது. 255-ஐ எட்டால் வகுத்தால் 31, மிச்சம் 7. பட்டியலோ 19 பைட்தான். அதைத் தாண்டி ஒரு பைட் பையின் எண்ணிக்கை, அதற்கு அடுத்த பதினோரு பைட்டைத் தாண்டி ஆறாவது பொருளின் அளவு. அதன் ஏழாவது பிட், அதாவது 128.

சுவிட்சைப் பிடுங்கி நான் உடைத்ததும் இதே சுவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. போக்கிடெக்ஸுக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் சுவர். அங்கே வெளியிலிருந்து கையை விட்டு இடித்தேன், இங்கே உள்ளே ஆடிக்கொண்டே இடிக்கிறேன். பெயரைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு பிரிவு. இன்னொரு வேடிக்கை: மிஸ்ஸிங்நோவின் உருவம் அளவுக்கு மீறியது, அதை விரிக்கும்போது தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, சேவ் ராமில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பதிவுகளை அழித்துவிடும். சேவைக் கெடுக்கக் கூடாத பிரிவில் நான் செய்துகொண்டிருந்தது அது. விதியில் சொல்லும் 'கெடுப்பது' பாதியில் அணைப்பதை மட்டும்தான் என்பதால் தப்பு இல்லை. என் மனசாட்சியிடம் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது இடத்தில் ஒரே ஓர் ஆன்டிடோட் வைத்தேன். மிஸ்ஸிங்நோவுக்குப் பிறகு 129. திரையில் நூறாம் இலக்கத்தில் ஏதோ குப்பை வடிவம் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டை வீசினால் 127. இன்னொரு பயிற்சியாளரிடம் அதே டெலிபோர்ட் வித்தை, இன்னொரு ஆப்ரா, இன்னொரு மிஸ்ஸிங்நோ. 127-இல் அந்தப் பிட் காலி என்பதால் 128 ஏறி 255. ஒரே பொருளின் இரு அடுக்குகளைக் கேம் ஒரே பைட்டில் கூட்டுகிறது. 255-உடன் கூட்டினால் எண் சுற்றிக்கொண்டு பூஜ்ஜியப் பக்கம் வந்துவிடும். அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு காலிப் பையிலிருந்து இன்னும் ஒன்றை எடுக்க வைத்தால், பையின் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் 255 ஆகும். சுவிட்ச் தொடாமல் அதே பை, அதே நீண்ட பட்டியல்.

இந்த முறை 75-ஐத் தேட வேண்டியதில்லை. போக்கிமான் சென்டர் கதவுக்குத் தனியாகச் சேருமிடம் கிடையாது, 'கடைசியாக எந்த ஊரிலிருந்து உள்ளே வந்தாயோ அங்கே போ' என்பதுதான் அதன் கட்டளை. அந்த 'கடைசி ஊர்' பட்டியலில் 36-ஆவது பொருளின் எண்ணிக்கையில் இருக்கிறது. செருலியன் என்றால் 3. ஒரு பொருளை வீசி வீசி 118 ஆக்கி, அதை 36-ஆவது இடத்துக்கு மாற்றிவிட்டுக் கதவு வழியாக வெளியே வந்தால் ஹால் ஆஃப் ஃபேம். ஒரு எச்சரிக்கை: அதே மாற்றத்தில் 36-ஆவதன் முதல் பைட்டும் மாறும். அது திரையில் நீங்கள் நிற்கும் கட்டத்தின் கிடைக் கணக்கு. அதனால் மிதியடிக்கு நேர் மேலே நின்றுகொண்டு மாற்றி, நேராகக் கீழே இறங்குங்கள். நான் இரண்டு கட்டம் தள்ளி நின்று மாற்றிவிட்டுப் பக்கவாட்டில் நடந்தேன். நர்ஸும் மேஜையும் துண்டு துண்டாகச் சிதறி ஒரு மணி நேர உழைப்பு அங்கேயே போனது.

முடித்த ஓட்டம் 1 மணி 14 நிமிடம். முதல் ஜிம் தலைவர் புரோக்கை அடிப்பது, மவுண்ட் மூன் கடப்பது, நகெட் பிரிட்ஜில் வரிசையாக நிற்பவர்களைத் தாண்டுவது எல்லாம் உண்மையாகவே ஆட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கிளிட்ச்லெஸ்ஸின் உறவு, கடைசிப் பத்து நிமிடம் சுவிட்ச் பிரிவின் உறவு. மூன்றில் திரும்பத் திரும்ப ஆடத் தோன்றுவது இதுதான் எனக்கு. சுவிட்ச் பிரிவில் விரல் தாளம் கைவந்த பிறகு மிச்சம் மனப்பாடம். கிளிட்ச்லெஸ்ஸில் தோற்றால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. என்எஸ்சியில் தோற்றால் சிரிப்புதான் வருகிறது, ஏனென்றால் தோற்கடிப்பது ஓர் ஆப்ராவின் பிறவி எண்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மேலே சொன்ன கணக்குகள் ஆங்கில ரெட், புளூவுக்கு மட்டும், யெல்லோவிலும் ஜப்பானியப் பதிப்புகளிலும் இடங்கள் நகர்ந்திருக்கும். நேரத்தை ஒப்பிட விரும்பினால் எதில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் சூப்பர் கேம்பாய் அசல் கேம்பாயைவிட 2.4 சதவீதம் வேகமாக ஓடும், அதில் எடுத்த நேரத்தைக் கைக்கருவி நேரத்தோடு வைத்துப் பேசினால் சண்டைதான் வரும். என் நேரங்கள் எல்லாம் கேம்பாய் கலரில்.

பேட்டரி நான்கு மாதமாக நிற்கிறது. இதுவரை ஏறத்தாழ ஐந்நூறு முறை பாதி சேவில் கரண்ட் பிடுங்கியும் ராமுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவிட்ச்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஐசோபுரொப்பைல் வாங்கிவந்திருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு மணி நேரத்துக்குள் என்எஸ்சி முடித்துவிடலாம் என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ரூட் 25, லெவல் 12 ஆப்ரா இரண்டாவது புல்லிலேயே வந்தது. ரூட் 24-இல் மெனு தானாகத் திறந்தது, பி அழுத்தி மூடினேன். அக்கா மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். வந்தது க்ரோலித்.